புத்தகத்தை மூடிய பிறகு

செமஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கும்போது கல்லூரி வாசலில் அதிகக் கூட்டம் நிற்பது ஜெராக்ஸ் கடையில்தான். "அண்ணா, மூணாவது யூனிட்டும் அஞ்சாவது யூனிட்டும் மட்டும் பேக் டு பேக் போடுங்க, ரெண்டு காப்பி." சூடு ஆறாத தாள்களை வாங்கிக்கொண்டு பிள்ளைகள் விடுதிக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் ஓடுகிறார்கள். மூன்று நான்கு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு சீனியர் எழுதிய நோட்ஸ் அது. எழுதியவர் இந்நேரம் எங்கோ வேலையில் இருப்பார். அவருடைய கையெழுத்து மட்டும் ஒவ்வொரு செமஸ்டரும் பிரதிக்குப் பிரதி மங்கிக்கொண்டே வருகிறது. பலருக்கு அந்தப் பாடத்தின் படிப்பே அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

அடுத்த பத்து நாள் எப்படிப் போகும் என்பது கல்லூரியில் படித்த எல்லோருக்கும் தெரியும். நைட் அவுட். ஒரு மணிக்கு டீ, மூன்று மணிக்கு மேகி, ஐந்து மணிக்கு "ஒரு அரை மணி நேரம் படுத்துக்கிறேன், எழுப்பி விடுடா" என்ற கெஞ்சல். தேர்வு எழுதி வந்ததும் மதியம் அடித்துப் போட்டாற்போல் தூக்கம். இருட்டிய பிறகு எழுந்து அடுத்த பேப்பர். கடைசித் தேர்வு முடிந்த கையோடு தொண்டை வலியும் காய்ச்சலுமாக ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இந்த வழி பலிக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் நூறு மதிப்பெண் தியரி வினாத்தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து. பதிமூன்று மதிப்பெண் கேள்விகள் ஐந்து, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. பதினைந்து மதிப்பெண் கேள்வி ஒன்று. பாடத்திட்டம் ஐந்து யூனிட். மூன்று யூனிட்டை மட்டும் நன்றாகப் படித்தவருக்கு மூன்று பதிமூன்று 39, ஆறு டூ மார்க் 12, ஆக 51. இன்டர்னலும் சேர்ந்தால் தேர்ச்சி. இந்தக் கணக்கு தெரியாத மாணவர் கிடையாது. தேர்வு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் பிள்ளைகள் படிப்பார்கள்.

ஆனால் இந்தப் படிப்பு பாஸ் மார்க் வரைதான் துணைக்கு வரும். மூன்றாவது செமஸ்டரில் எழுதிய டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தை ஏழாவது செமஸ்டரின் பிளேஸ்மென்ட் நேர்காணலில் கேட்கிறார்கள். "இந்தப் பேப்பர்ல உங்களுக்கு ஏ ப்ளஸ் போட்டிருக்கே?" என்று எதிரில் இருப்பவர் நிஜமாகவே வியந்து கேட்கும்போது, அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? படித்ததும் உண்மை, மார்க் வாங்கியதும் உண்மை. இப்போது ஒன்றும் நினைவில்லை என்பதும் உண்மை.

மனித மறதியை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதன் பிறகு மறதியின் வேகம் தணிந்துவிட்டது. அர்த்தமுள்ள பாடம் இவ்வளவு சீக்கிரம் போகாது என்றாலும், முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறப்பது அதற்கும் பொருந்தும். அவர் இன்னொன்றும் கண்டார். ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, அதே பாடத்தைச் சில நாட்களுக்குப் பிரித்துப் படித்தால் குறைந்த முயற்சியிலேயே மனத்தில் தங்கியது. இடைவெளிக்கே ஒரு வேலை இருக்கிறது என்பது நூற்று நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். நம் கல்லூரிகளின் கால அட்டவணை மட்டும் அதை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்: புத்தகம் திறந்திருக்கும் நேரம் படிப்பின் ஒரு பங்குதான். அதை மூடிய பிறகு நடப்பது இன்னொரு பங்கு. ஓய்வு என்று நாம் ஒதுக்கிவைக்கிற நேரத்தில் பாதி, உண்மையில் படிப்புக்குச் சொந்தமானது. அதைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொண்டு, "நல்லாப் படி" என்று சொல்வதில் நியாயமில்லை.

தெரிந்தது போலத் தோன்றுவது

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சின்னச் சின்ன உரைநடைப் பகுதிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததைச் சிலர் மறுபடியும் படித்தார்கள். சிலர் மறுபடி படிக்காமல், நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னிலை: 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களிடம் 56 சதவீதம் மிஞ்சியிருந்தது, மறுபடி படித்தவர்களிடம் 42.

அந்த ஐந்து நிமிட வெற்றிதான் நம்மை ஏமாற்றுகிறது. ஹைலைட்டரால் மஞ்சள் அடித்து மூன்றாம் முறை படிக்கும்போது வரிகள் முகம் பழகிவிடுகின்றன. பழகியதைத் தெரிந்தது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளை எடுத்து "இந்த யூனிட்டில் என்ன இருந்தது?" என்று எழுத உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிடம் எரிச்சலாக இருக்கும். இடையிடையே வெறும் பள்ளங்கள் தெரியும். அந்தப் பள்ளங்களை மட்டும் திறந்து பார்த்து நிரப்பினால் போதும். மூன்று மணி நேரப் படிப்பை இது ஒன்றரை மணி நேரமாகக் குறைத்துவிடும் என்று நான் துணிந்து சொல்வேன். மிச்சமாகும் ஒன்றரை மணி நேரம் தூக்கத்துக்கு.

இது நமக்குப் புதிதும் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் எழுதிய 'என் சரித்திரம்' நூலில் அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்கிறார். மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது, பூவின் பெயர், பறவையின் பெயர், மிருகத்தின் பெயர் என்று ஒவ்வொன்றை உபாத்தியாயர் சொல்லி அனுப்புவாராம். மறுநாள் காலையில் வந்ததும் பிள்ளை அதை நினைவாகச் சொல்ல வேண்டும். இடையில் ஓர் இரவு. ஆய்வுக்கூடமோ மூளைப் படமோ இல்லாத காலத்தில் ஒரு கிராமத்து வாத்தியார் கற்றலின் சூட்சுமத்தைப் பிடித்திருக்கிறார். கேட்டது, தூங்கியது, எழுந்து நினைவிலிருந்து எடுத்தது என மூன்றும் அதில் இருக்கின்றன. இன்றைய பி.இ. மாணவருக்கும் இதைவிட நல்ல பாடமுறை ஒன்றைச் சொல்ல என்னால் முடியாது.

தூக்கம் செய்யும் வேலை

1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இரண்டே மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அசைகளை மனப்பாடம் செய்தபின் தூங்கியபோது, விழித்திருந்ததைக் காட்டிலும் அதிகம் நினைவில் நின்றது. தூங்கும்போது வேறு விஷயங்கள் வந்து குறுக்கிடாததுதான் காரணம் என்று அன்றைக்கு நினைத்தார்கள். பிற்கால ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போய், தூக்கத்தில் மூளை சும்மா இருப்பதில்லை என்று காட்டின. பகலில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் தற்காலிகமாகப் பதிந்தவை, ஆழ்ந்த தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கப்பட்டு, மூளையின் மற்றப் பகுதிகளில் நிலையாகப் பதிகின்றன. ஆழ்ந்த தூக்கம் இரவின் முதல் பாதியில் அதிகம். கனவு வரும் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும். எட்டு மணி நேரத்தை நான்காகக் குறைக்கிறவர் இரண்டிலும் சமமாகக் குறைப்பதில்லை. பின்பாதிக் கனவுத் தூக்கத்தில் பெரும்பகுதியை இழக்கிறார்.

நைட் அவுட்டின் பாதிப்பு தேர்வறையில் எப்படித் தெரியும் என்பதற்கு ஓர் ஒப்பீடு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டாசனும் ரீடும் 1997-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கை-கண் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்கு இறங்கியிருந்தது. இந்தியாவில் வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 0.03 சதவீதம். காலை ஐந்து மணிக்கு எழுந்த மாணவி இரவு பத்து மணிக்கே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறாள். அதற்கு மேல் விடிய விடியப் படித்துவிட்டு, காலையில் நண்பனின் பைக்கில் மூன்று பேராகத் தேர்வுக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு மார்க்கைப் பற்றிய கவலை வருவதில்லை, உயிரைப் பற்றிய கவலைதான் வருகிறது.

"எனக்கு ஆறு மணி நேரம் போதும், பழகிடுச்சு" என்று பலர் சொல்வார்கள். அது உண்மையா என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வில், 14 நாள் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனத்திறன், இரண்டு இரவுகள்வரை அறவே தூங்காதவர்களின் நிலைக்குச் சரிந்தது. அவர்களுக்கோ அது தெரியவில்லை. கொஞ்சம் தூக்கக் கலக்கம், அவ்வளவுதான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழகியது உணர்வு மட்டுமே. மூளை பழகவில்லை.

இன்னொரு ஆய்வை எல்லாக் கல்லூரி நோட்டீஸ் போர்டிலும் ஒட்டலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு வேதியியல் வகுப்பு மாணவர்கள் நூறு பேர் மணிக்கட்டில் கருவி கட்டிக்கொண்டு ஒரு செமஸ்டர் முழுக்கத் தூக்கத்தை அளந்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. தேர்வுக்கு முந்தைய இரவு எவ்வளவு தூங்கினார்கள் என்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு காணப்படவில்லை. தேர்வுக்கு முந்தைய வாரம், மாதம் என்று பாடம் கற்ற காலமெல்லாம் எவ்வளவு நேரம் தூங்கினார்கள், எவ்வளவு ஒழுங்காகத் தூங்கினார்கள் என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. ஆக, "நாளைக்கு எக்ஸாம், இன்னைக்காவது நேரத்தோட தூங்கு" என்று அம்மா சொல்வது நல்லதுதான், ஆனால் அது மிகவும் தாமதமான அறிவுரை. ஆகஸ்ட் மாதத்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவுதான் நவம்பர் தேர்வைத் தீர்மானிக்கிறது.

பெற்றோர்களிடம் ஒன்று. "அஞ்சு மணிக்கு எழுந்து படி, நாங்கள்லாம் அப்படித்தான் படிச்சோம்" என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு. ஒன்பது மணிக்கு ஊரே அடங்கிவிட்ட காலத்தில் அது சரி. பதின்பருவத்தில் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. டில் ரோனெபெர்க் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் குழு 2004-இல் காட்டியபடி, இது ஏறக்குறைய இருபது வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகுதான் முன்னுக்கு வரத் தொடங்குகிறது. பதினொன்றரைக்குத்தான் உங்கள் பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது என்றால் அதற்கு செல்போன் மட்டும் காரணமில்லை, வயதும் காரணம். பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளையை ஐந்து மணிக்கு எழுப்பினால் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. அந்த ஐந்து மணிப் படிப்பிலிருந்து அவர்களை விட்டுவிடுங்கள்.

யாருடைய நேரம்?

இதையெல்லாம் எழுதிவிட்டு, "ஆகவே நேரத்தைத் திட்டமிடுங்கள்" என்று முடிப்பது வழக்கம். நேரம் கையில் இருப்பவர்களுக்கு அது சரியான அறிவுரை. நம் கல்லூரிகளில் பாதிப் பேரிடம் அது இல்லை.

ஒரு டே ஸ்காலர் மாணவியின் நாளை எடுத்துக்கொள்வோம். காலேஜ் பஸ் காலை ஆறரைக்கு அவள் ஊர் விலக்கில் நிற்கும். அதற்குள் குளித்து, தண்ணீர் பிடித்து, தம்பிக்கு டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும். மாலை ஆறரைக்குத் திரும்பி வந்தால் வாசலில் பாத்திரம் கிடக்கும். அம்மா கம்பெனி வேலை முடிந்து எட்டு மணிக்குத்தான் வருவார் என்றால், உலை வைப்பதும் அவள்தான். அதே வீட்டில் அண்ணனும் கல்லூரியில் படிப்பான். மாலையில் அவன் கிரவுண்டுக்குப் போய்விட்டு வந்து படிக்க உட்காருவான். இருவருக்கும் ஒரே மாதிரிப் பாடச்சுமை, ஒரே மாதிரித் தேர்வு. அவளுக்கு மட்டும் நாளில் இரண்டு மணி நேரம் குறைவு. அந்த இரண்டு மணி நேரத்தை அவள் தூக்கத்திலிருந்துதான் எடுக்கிறாள். வேறெங்கிருந்து எடுப்பாள்?

இன்னொரு பக்கம் கேட்டரிங் போகிற பையன்கள். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வரும்: சனி, ஞாயிறு, பன்னிரண்டு பேர் வேண்டும். சனிக்கிழமை மதியமே மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். மேஜையில் பேப்பர் ரோல் விரித்து, இலை போட்டு, தண்ணீர் பாட்டில் அடுக்கி, ரிசப்ஷன் பந்தி ஏழு மணிக்குத் தொடங்கினால் பதினொன்று வரை ஓட்டம்தான். சாம்பார் வாளியின் கைப்பிடி விரலில் பதிந்துவிடும். பந்தி முடிந்து, கூட்டித் துடைத்து, மிஞ்சியதைச் சாப்பிட்டு, சாப்பாட்டுக் கூடத்திலேயே பையைத் தலைக்கு வைத்துப் படுக்கும்போது பன்னிரண்டு தாண்டியிருக்கும். காலை முகூர்த்தம் என்றால் நாலு மணிக்கு எழுப்பிவிடுவார்கள், டிபன் பந்திக்கு. மதியச் சாப்பாடும் முடிந்து, கூலியை வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினால் மாலை. அந்தக் கூலி அவனுக்கு மெஸ் பில், அல்லது தங்கைக்கு நோட்டுப் புத்தகம். திங்கட்கிழமை முதல் ஹவரில் அவன் தலை சாய்ந்தால், "என்னடா, நைட்டெல்லாம் கேமா?" என்று கேட்கப்படுகிறது. வகுப்பில் தூங்குகிற ஒரு மாணவனைப் பார்த்தால் முதலில் வர வேண்டிய கேள்வி, "சாப்பிட்டியா, எங்க போயிருந்த?" என்பதாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அரசுப் பள்ளிகளில் படித்துக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மாணவிகளுக்குப் புதுமைப் பெண் 2022-இலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இலும் தொடங்கின. அந்தப் பணத்தை உதவித்தொகை என்று மட்டும் பார்க்காமல், அதனால் என்ன வாங்கலாம் என்று யோசித்தால் நல்லது. மாதத்தில் ஒரு முகூர்த்தத்துக்குப் போகாமல் இருக்க அது உதவுமானால், அந்தப் பையனுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கிடைத்திருக்கிறது.

இத்தனைக்கும் மேல், கல்லூரியே எடுத்துக்கொள்ளும் நேரம். 2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரக் கற்றல். வகுப்பு, லேப், வீட்டில் உட்கார்ந்து படிப்பது எல்லாம் சேர்த்து. ஒரு செமஸ்டருக்கு 20 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். பதினைந்து வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 40. ஏட்டில் இது மிகவும் நியாயமான கணக்கு. நடைமுறையில் வகுப்பறை மட்டுமே 30 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பிறகு சனிக்கிழமை பிளேஸ்மென்ட் டிரெய்னிங், இன்டர்னலுக்கு முன் ஸ்பெஷல் கிளாஸ், அசைன்மென்ட், செமினார். எல்லாவற்றுக்கும் மேல் ரெக்கார்ட் நோட்.

ரெக்கார்ட் நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லேபில் செய்த சோதனையை முதலில் அப்சர்வேஷனில் எழுதி, கையெழுத்து வாங்கி, பிறகு அதையே ரெக்கார்டில் அழகாகப் பிரதியெடுக்க வேண்டும். வலது பக்கம் பேனாவால் செய்முறை, இடது பக்கம் பென்சிலால் படம். ஒரு கோடு பிசகினால் முழுப் பக்கமும் மறுபடி. பெரும்பாலோர் சென்ற வருஷத்து ரெக்கார்டை விரித்து வைத்துக்கொண்டு, என்ன எழுதுகிறோம் என்று பார்க்காமலே எழுதுகிறார்கள். வாரம் மூன்று லேப் இருந்தால் மூன்று இரவு இதற்கே போகும். கணினியில் செய்த நிரலைக் கையால் பக்கம் பக்கமாகப் பெயர்த்தெழுதுவதால் எந்த மாணவர் எதைக் கற்றார் என்று எந்தத் துறைத்தலைவராவது எனக்குச் சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயார்.

ஓய்வு என்றால் என்ன

யூடியூபைத் திறந்தால் "என்னோடு பன்னிரண்டு மணி நேரம் படியுங்கள்" என்று வீடியோக்கள். நான்கரை மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்கு ஓடி, ஆறு மணிக்கு மேஜையில் உட்காருகிறவர்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, தான் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் குற்றமாகத் தோன்றுகிறது. அதனால் அது ஓய்வும் எடுப்பதில்லை, படிப்பதும் இல்லை. நோட்டு மடியில், போன் கையில், நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. கல்லூரி நாட்களை அதிகம் தின்பது இந்த இரண்டுங்கெட்டான் நேரம்தான்.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் நிபுணராகலாம் என்ற பேச்சு மால்கம் கிளாட்வெல்லின் 2008-ஆம் ஆண்டுப் புத்தகத்துக்குப் பிறகு உலகமெங்கும் பரவியது. அதற்கு ஆதாரமாக இருந்தது ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லின் இசைக்கழகத்து வயலின் மாணவர்களிடம் நடத்தி, 1993-இல் வெளியிட்ட ஆய்வு. பத்தாயிரத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் அந்த ஆய்வின் மறுபாதியை விட்டுவிட்டார்கள். தலைசிறந்த மாணவர்கள் நாள் முழுக்க வாசிக்கவில்லை. தனிப்பயிற்சி நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்தைத் தாண்டவில்லை, அதுவும் இடைவெளி விட்டு. மதியத்தில் குட்டித்தூக்கம் போட்டார்கள். பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்குச் சராசரி 8.6 மணி நேரம் தூங்கினார்கள். அவர்களைவிடத் திறன் குறைந்த மாணவர்கள் 7.8. அதிகம் பயிற்சி செய்தவர்கள்தான் அதிகம் தூங்கியும் இருக்கிறார்கள். மனம் ஊன்றிச் செய்கிற வேலை அவ்வளவு களைப்பைத் தரும், அந்தக் களைப்புக்குத் தூக்கம்தான் மருந்து.

எனவே மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: எத்தனை மணி நேரம் படித்தேன் என்று எண்ணுவதை நிறுத்திவிடுங்கள். இன்று புத்தகம் பார்க்காமல் எதைச் சொல்ல முடிகிறது என்று பாருங்கள். மாலையில் ஒன்றரை மணி நேரம் போதும், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டால். இருபத்தைந்து நிமிடம் படித்து ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது சிலருக்கு ஒத்துவரும். ஐம்பது நிமிடம் ஒரே அமர்வில் உட்கார முடிகிறவர்களும் உண்டு. எது உங்களுக்குச் சரி என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஜன்னலோரம் சாய்ந்து, காலையில் நடந்த வகுப்பை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பிறகு தூங்குங்கள். இரவு ஒன்பது மணிக் காபி வேண்டாம். காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும், நள்ளிரவு இரண்டு மணிக்கும் பாதி காபி உடம்பில் இருக்கும்.

ஓய்வு என்று ரீல்ஸ் பார்ப்பதை நான் தடுக்க விரும்பவில்லை, அதற்கும் ஓர் இடம் இருக்கட்டும். ஆனால் ஒரு மணி நேரம் பார்த்து எழுந்தபின் உடம்பு எப்படி இருக்கிறது, விடுதி கிரவுண்டில் வாலிபால் ஆடி வியர்த்து வந்தபின் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவது வீண்பொழுது இல்லை. சனிக்கிழமை மதியம் எதுவுமே செய்யாமல் படுத்து விட்டத்தைப் பார்ப்பதும் வீண் இல்லை. மாணவிகளுக்கு இந்த உரிமை வீட்டில் தானாகக் கிடைப்பதில்லை என்பதால், அண்ணன் தம்பிகள் பாத்திரத்தில் கை வைக்க வேண்டும். அது அக்கா தங்கைகளுக்குச் செய்கிற உதவி அல்ல, சாப்பிட்ட தட்டு அவர்களுடையதும்தான்.

அரியர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கப் விழுந்த பேப்பர்களை எல்லாம் கடைசி செமஸ்டரில் ஒன்றாக முடித்துவிடலாம் என்று தள்ளிப்போடுவதுதான் தூக்கத்தை அதிகம் கெடுக்கிறது. ஒரு அரியருக்கு வாரம் இரண்டு மணி நேரம், ஞாயிறு காலை, நண்பர் ஒருவரோடு சேர்ந்து, ஒருவர் கேட்க ஒருவர் சொல்வது. இதற்கு மேல் வேண்டியதில்லை. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமே வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது படிப்புத் திட்டத்தால் தீருகிற விஷயம் இல்லை. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. கூச்சப்படாமல் பேசிவிடுங்கள்.

மாணவர்கள் தம் பங்கைச் செய்த பிறகும், ஒரு பகுதி கல்லூரி நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. அதில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஆறு பேராசிரியர்களும் ஒரே வாரத்தில் அசைன்மென்ட் கேட்காமல், துறைக்கூட்டத்தில் பத்து நிமிடம் பேசித் தேதிகளைப் பிரித்துக்கொள்ளலாம். ரெக்கார்டில் பாதியை அச்செடுத்து ஒட்ட அனுமதிக்கலாம். ஒவ்வொரு வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் நோட்டை மூடச் சொல்லி, போன வாரத்துப் பாடத்திலிருந்து இரண்டு கேள்வி கேட்கலாம், மதிப்பெண் போடாமல். தூரத்திலிருந்து வரும் மாணவிகள் மதியத்தில் இருபது நிமிடம் தலை சாய்க்க ஓர் அறையில் பாய் விரித்து வைக்கலாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கலாம். அடுத்த செமஸ்டரின் கால அட்டவணை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால், முதல்வர்களே, துறைத்தலைவர்களே, இந்த வாரக் கூட்டத்திலேயே இதைப் பேசிவிடுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு டே ஸ்காலர் மாணவியையும், கேட்டரிங் போகும் ஒரு பையனையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள்.